கல்குவாரிக்கு மேலே பால்வீதி

அத்தியாயம் 8

நிதானம் சுவரிலிருந்த படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கால்களை அகட்டி, தலையைத் தொடைகளுக்கு நடுவே விட்டுக் குனிந்ததும், கண்காட்சிக் கூடத்தின் காவலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், என்னாச்சு? மயக்கமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றான் மைக். "முதல் பரிசு வாங்கின படத்தை எங்க பாஸ் இப்படித்தான் பார்ப்பார். ரெண்டாம் பரிசுன்னா வெறுமனே கண்ணாடியைக் கழட்டுவார்."

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

துப்பறியும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் வேறு பெயர்தான் இருந்தது. ஊருக்கு அவர் நிதானம். தீப்பிடித்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் நுழைவார் என்பது மைக் பரப்பிய கதை. உதவியாளனுக்கு மைக் என்று பெயர் வைத்தவர் நிதானம். அதன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

படம் சுவரில் ஆளுயரத்துக்கு இருந்தது. கைவிடப்பட்ட கல்குவாரி. வெட்டி எடுத்த பாறை செங்குத்தாக, கரிய மதில்போல் நின்றது. அதன் காலடியில் குளமாகத் தேங்கிய தண்ணீர். பாறையின் விளிம்பிலிருந்து வானத்தின் மறுகோடி வரை, யாரோ மாவை அள்ளி வீசியதுபோல் பால்வீதி. காற்றில்லாத இரவு போலும். தண்ணீருக்குள்ளும் அதே நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன.

"கரண்ட் போன எங்க வீட்டைப் படம் பிடிச்சா நானும் பரிசு வாங்கிடலாம் பாஸ்."

"உங்க வீட்டுக் கூரையில ஓட்டை இருந்தா வாங்கலாம். சும்மா இரு."

படத்துக்குக் கீழே அட்டை. எடுத்தவர் ஒரு பல் டாக்டர். எடுத்தது போன மாத அமாவாசை இரவு.

அந்த இரவுதான் அவர்களை இங்கே இழுத்து வந்தது.

வாசலோரப் பெஞ்சில் தையல்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் பேன்ட்களுக்கு நீளம் குறைத்துத் தருகிறவள். உள்ளே வந்து படத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அந்த அமாவாசை இரவில், அந்தக் குவாரியில்தான் அவள் கணவன் செத்தான்.

கணவன் வெல்டர். மீன் பிடிப்பதில் பைத்தியம். அன்று அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பாறையில் பாதி உயரத்தில் ஒரு திட்டு உண்டு. அங்கே உட்கார்ந்து தூண்டில் போடுவது வழக்கம். போன இடத்தில் இருவருக்கும் வாய்த்தகராறு. தம்பி முறைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டான். வெல்டர் திரும்பவில்லை. பாறையின் அடியில், தண்ணீரை ஒட்டிய கற்களுக்கு நடுவே உடல் கிடைத்தது.

தம்பி தள்ளிவிட்டான் என்றது போலீஸ். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் சுலபமானது. வெல்டரின் சட்டைப் பையில் டார்ச் இருந்தது. அணைத்த டார்ச். அமுக்கிப் பார்த்தால் பளிச்சென்று எரிந்தது. இருட்டில் உயிரோடு இருந்தவன் டார்ச்சைப் போடாமல் பையில் வைத்துக்கொண்டா இருப்பான்? ஆகவே இருட்டுமுன் செத்துவிட்டான். அதுவரை கூட இருந்தது தம்பி ஒருவன்தான்.

நாளைக் காலை தம்பியைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

அவனை அவள்தான் வளர்த்தாள். ஆனால் கைதான நாளிலிருந்து ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. முதல் நாள் ஆபீசுக்கு வந்தபோதே சொல்லிவிட்டாள்.

"அவன் செஞ்சிருந்தா தூக்குல போடட்டும் சார். செய்யலைன்னா அதை எனக்கு யாராவது சொல்லணும். தெரியாம எந்த முகத்தோட போய் அவன் முன்னால நிக்கிறது? அக்கா முகத்தோடயா, செத்தவன் பொண்டாட்டி முகத்தோடயா?"

 

குனிந்திருந்த நிதானம் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"மைக், நீ குனி."

"என்ன பாஸ், வேண்டுதலா?"

"குனிடா."

மைக் குனிந்தான். காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப தண்ணிதான் உனக்கு வானம். அதுல இடப்பக்கம் மஞ்சளா ஒரு நட்சத்திரம் இருக்கே, தெரியுதா?"

"தெரியுது. எனக்கு எல்லாமே நட்சத்திரமாத்தான் தெரியுது."

"தண்ணியில ஒண்ணு தெரிஞ்சா, மேலே அதோட ஜோடி இருக்கணும். அதே தூரத்துல, நேர் மேலே. எங்கே இருக்கு, பாரு."

மைக் நிமிர்ந்து, கண்களைக் கசக்கிக்கொண்டு, விரலால் காற்றில் கோடு இழுத்தான். விரல் தண்ணீரிலிருந்து மேலேறிப் பாறையின் நட்டநடுவில் போய் நின்றது. அங்கே கன்னங்கரேல் என்று இருந்தது.

"பாறைக்குள்ளயா நட்சத்திரம் இருக்கும்?"

"இருக்காது. ஆனா ஏதோ ஒரு வெளிச்சம் இருந்திருக்கு. மேலே இருந்ததை அழிச்சுட்டாங்க. தண்ணியில இருக்கிறதை நட்சத்திரம்னு நினைச்சு விட்டுட்டாங்க."

"அந்த இடத்துலதானே பாஸ், மீன் பிடிக்கிற திட்டு?"

நிதானம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

---

பல் டாக்டரின் கிளினிக் மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்கக் கிராம்பெண்ணெய் வாசனை.

"பல் பிடுங்குறது அவர் தொழில்" என்று கிசுகிசுத்தான் மைக். "இன்னிக்கு அவர்கிட்டேயிருந்தே பிடுங்கணும். மரத்துப்போற ஊசி நம்மகிட்ட இல்லையே."

டாக்டர் சிரித்த முகக்காரர். வந்தவர்கள் படத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள் என்றதும் காத்திருந்த கடைசி நோயாளியைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். சிகிச்சை அறையில் நாற்காலிகள் போதவில்லை. தையல்காரப் பெண்ணைச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நோயாளிகள் படுக்கிற நாற்காலி. அவள் சாயவில்லை. விளிம்பில், கால் தரையில் படாமல் உட்கார்ந்தாள்.

"அந்த மஞ்சள் புள்ளியா? அது நட்சத்திரம்தாங்க" என்றார் டாக்டர்.

"அப்படின்னா மேலே அதோட ஜோடி எங்கே போச்சு?"

"ஓ... அப்ப விமானமா இருக்கும். விமானம்னா அழிச்சிருப்பேன்."

"பாறைக்கு முன்னால, இவ்வளவு தாழ்வாவா?" என்றான் மைக். "பைலட்டுக்கும் பல்வலியோ?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கையைத் தூக்கினார்.

"சரி, மாட்டிக்கிட்டேன். எதிர்ப்பக்கம் பாறையில யாரோ லைட் வச்சிருந்தாங்க. அதைத்தான் அழிச்சேன். இது ஏமாத்து வேலை இல்லைங்க, எல்லாரும் செய்றதுதான். கேமராவை ஸ்டாண்டுல நிறுத்திட்டு அசைக்காம ஒரே காட்சியை வரிசையா எடுத்துக்கிட்டே இருப்போம். அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கம்ப்யூட்டர்ல போட்டா, எது எல்லாப் படத்துலயும் இருக்கோ அது நிக்கும். எது வந்து போகுதோ அது தானா காணாமப் போயிடும். விமானம், பூச்சி, கார் லைட், எல்லாம் போயிடும். மிச்சம் மீதியைக் கையால துடைப்போம். வானம் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்."

"அடுக்கிறதுக்கு முன்னால இருந்த படங்கள் இருக்கா?"

"ஒண்ணைக்கூட எறிய மாட்டேன்."

நோயாளிகளுக்கு அவரவர் பற்களைக் காட்டுகிற திரையில் படங்கள் வந்தன. யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல் மறைந்து, குவாரி தோன்றியது. நிதானம் திரையின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார். பட்டப்பகல் நேரம் காட்டியது.

"அதை நம்பாதீங்க. போன வருஷம் வெளிநாடு போனப்ப மாத்தின கடிகாரம். அப்படியே விட்டுட்டேன். நமக்கு வானம்தானே முக்கியம்."

நிதானம் கேஸை விசாரிக்கும் பெண் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் பெருமூச்சு விட்டது இந்தப் பக்கம் வரை கேட்டது.

"கடிகாரம் தப்பா ஓடுற கேமராவை வச்சுக்கிட்டு நான் கோர்ட்ல என்ன சொல்றது? தம்பி கூட இருந்தப்பவே எரிஞ்ச லைட்டுன்னு சொல்லிடுவாங்க. வேற ஏதாவது இருந்தா கூப்பிடுங்க." போனை வைத்துவிட்டார்.

 தையல்காரப் பெண் சேலைத் தலைப்பில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிதானத்துக்குக் கையைப் பிசையத் தோன்றியது. பிசைந்து பழக்கமில்லாததால் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"ஆரம்பத்திலேருந்து ஒவ்வொண்ணா காட்டுங்க, டாக்டர்."

இருட்டு. இருட்டு. நட்சத்திரங்கள் நூலளவு நகர்ந்தன. அடுத்த படத்தில் பாறை முழுக்கப் பட்டப்பகல்போல் வெளுத்திருந்தது.

"இது என்ன, சூரியன் தூக்கத்துல எழுந்து உக்காந்துடுச்சா?" என்றான் மைக்.

"பாழாப்போன பஸ்!" என்றார் டாக்டர். "குவாரி ஸ்டாப்பைத் தாண்டி, நாங்க நின்ன இடத்துக்குப் பின்னால ரோடு வளையுற இடத்துல திரும்பும்போது ஹெட்லைட் நேரா பாறையில அடிக்கும். கடைசி பஸ். அதுக்கப்புறம் அந்த ரோட்டுல ஈ காக்கா கிடையாது. அதனாலதான் நாங்க அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம்."

நிதானம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மைக், தம்பி எந்த பஸ்ல வந்தான்?"

"கடைசி பஸ்ல. கண்டக்டரே சொல்லியிருக்காரே. குவாரி ஸ்டாப்புல ஏறினான், ஜன்னலோரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு..." மைக் பாதியில் நிறுத்தினான். அவன் பாதியில் நிறுத்துவது அபூர்வம். "பாஸ்! அவன் இந்த வெளிச்சத்துக்குள்ள உக்காந்திருக்கான்!"

"ஆமா. இந்தப் படத்தோட நேரம் எவ்வளவா வேணா இருக்கட்டும். தம்பி பஸ்ல இருக்கான். பாறை மேல பாரு."

ஹெட்லைட் வெளிச்சத்தில் திட்டு தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் கடுகளவாக ஓர் உருவம். சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. கையிலிருந்து ஒரு மெல்லிய கோடு தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"தூண்டில்" என்றாள் தையல்காரப் பெண்.

அடுத்த படத்தில் பஸ் போய்விட்டது. திட்டின் மேல் மஞ்சளாக ஒரு புள்ளி.

"டார்ச்சைப் போட்டுட்டார்" என்றார் நிதானம். "உங்க தம்பி போனதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரர் உக்காந்து மீன் பிடிச்சுக்கிட்டிருக்கார்மா. உங்க தம்பி அவரைத் தள்ளல."

அவள் சாய்வு நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தாள். வாய் கோணியது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"அவன் இல்ல. நான் வளர்த்தவன்... அவன் இல்ல."

"இல்லக்கா, சத்தியமா அவன் இல்ல" என்றான் மைக். "இனிமே அவன் வாழ்க்கைல பஸ்ஸைத் திட்டவே கூடாது. டிரைவர் போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டணும்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிதானம் பிற்பாடு பலமுறை அப்படித்தான் நினைத்தார். ஆனால் விழுந்தது எப்படி என்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் கேட்பார்கள். வேறு யாரும் வந்து தள்ளவில்லையே என்பதையும் பார்த்தாக வேண்டும். தொழில் புத்தி. கையைக் காட்டினார். டாக்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார்.

புள்ளி. புள்ளி. பல படங்களில் அதே புள்ளி. பிறகு ஒன்றில் புள்ளி எழுந்து நகர்ந்தது. அடுத்ததில் புள்ளி இல்லை. திட்டிலிருந்து பாறையின் அடிவரை ஒரே மஞ்சள் கீற்று.

"எரிநட்சத்திரமா?" என்று கேட்டான் மைக். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

 கம்ப்யூட்டருக்குள் ஓடிய சின்ன விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"தனியா இருந்தார். எழுந்தார். கால் வழுக்கிடுச்சு" என்றார் நிதானம், மெல்ல. "போதும், டாக்டர்."

"போதாது" என்றாள் அவள். "இன்னும் படம் இருக்கில்ல? போடுங்க."

"வேண்டாம்மா."

"என் வீட்டுக்காரர் சார்."

டாக்டர் நிதானத்தைப் பார்த்தார். நிதானம் தரையைப் பார்த்தார். டாக்டர் பொத்தானை அழுத்தினார்.

இருட்டு. நீண்ட இருட்டு. வெல்டர் செத்துவிட்டார் என்று நிதானம் முடிவு கட்டியபோது, பாறையின் அடியில், தண்ணீரை ஒட்டி, வெளிச்சம் வந்தது.

புள்ளியாக வரவில்லை. வளைவாக வந்தது. கையில் பிடித்த டார்ச்சை இடமும் வலமும் வீசினால் கேமராவில் விழுகிற வளைவு. அடுத்த படத்திலும் வளைவு. அதற்கடுத்ததிலும். ஒன்றில் அகலமாக, ஒன்றில் குறுகலாக. கை வலிக்க ஆரம்பித்திருக்கும். மறுபடியும் அகலமாக.

மேலே பால்வீதி அசையாமல் கிடந்தது.

"கூப்பிடுறார்" என்றாள் தையல்காரப் பெண்.

படங்கள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில், வெளிச்சம் நின்றது. அதன்பின் வந்தவை எல்லாம் இருட்டு. டாக்டர் கடைசிவரை ஓட்டினார். வெளிச்சம் திரும்ப வரவேயில்லை. வானம் மட்டும் அற்புதமாக இருந்தது. பரிசு வாங்கிய வானம்.

"ஏன் நின்னுச்சு?" என்றான் மைக். அவன் குரலே வேறாக இருந்தது. "உயிர் போயிருந்தா டார்ச் கையிலயோ கீழேயோ எரிஞ்சுக்கிட்டே கிடந்திருக்கும். பேட்டரி தீர்ந்திருந்தா போலீஸ் அமுக்கினப்ப எரிஞ்சிருக்காது. அணைச்சுப் பையில வச்சிருக்கார். உதவின்னு வீசுற டார்ச்சை யாராவது அணைச்சுப் பையில வைப்பாங்களா?"

நிதானம் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. ரத்தமும் இல்லை.

"டாக்டர், நீங்க எத்தனை பேர் அங்கே இருந்தீங்க?"

"நண்பர்கள் கொஞ்சம் பேர். எல்லாருக்கும் கேமரா..." டாக்டர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "சார், எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. படம் எடுக்குற இடத்துல யாரும் லைட் போடக் கூடாது. போட்டா எல்லார் படமும் கெட்டுடும். இருட்டுக்குப் பழகின கண்ணும் கெட்டுடும். யாராவது போட்டா சத்தம் போடுவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான். அங்கே எதிர்ப்பக்கம் குடிக்க வர்றவங்க உண்டு. யாரோ குடிச்சுட்டு டார்ச்சை ஆட்டிக்கிட்டிருக்கான்னு..."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் சேர்ந்து கத்தினோம்."

"என்னன்னு?"

டாக்டர் தையல்காரப் பெண்ணைப் பார்க்காமல், கருவிகள் அடுக்கிய தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"'லைட்டை அணை'ன்னு."

சிகிச்சை அறையின் குழாயில் தண்ணீர் சொட்டியது.

"பதிலுக்கு அவரும் ஏதோ கத்தினார். குவாரில எதிரொலி ஜாஸ்தி, வார்த்தை ஒண்ணும் புரியல. திட்டுறான்னு நினைச்சோம். மறுபடியும் கத்தினோம். உடனே அணைஞ்சுடுச்சு. அப்பாடான்னு..." அவர் முடிக்கவில்லை.

"அணைச்சிருப்பார்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நிதானத்துக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "அவர் அப்படித்தான். யாராவது ஒண்ணு சொன்னா ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டார். இவங்க குரல் கேட்டிருக்கு. பார்த்துட்டாங்க, வந்துடுவாங்கன்னு நினைச்சிருப்பார். வர்றவங்க கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு அணைச்சுப் பையில வச்சிருப்பார்."

டாக்டர் சுழல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது அவரைப் பாதி வட்டம் சுற்றி, சுவரைப் பார்க்க வைத்து நின்றது. அவர் திரும்பவில்லை.

---

இன்ஸ்பெக்டர் இந்த முறை முழுவதையும் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாளைக்கே அவனை விட்டுடுவாங்க" என்றார் கடைசியில். "பஸ் போதும், கண்டக்டர் போதும், அந்தக் கீற்றும் போதும். டார்ச் ஏன் பையில இருந்துச்சுன்னும் விளக்கம் கிடைச்சாச்சு. நல்ல வேலை பண்ணியிருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நான் யார் மேல கேஸ் போடறது?"

"தெரியலைங்க."

"அந்த டாக்டர் மேலயா? சத்தம் போட்டதுக்கா?"

"தெரியலைங்க" என்றார் நிதானம் மறுபடியும். எத்தனையோ கேஸ்கள் பார்த்தவர். குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது உண்டு. குற்றவாளியே இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. தையல்காரப் பெண் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றாள்.

"சார், கீழே விழுந்த வரைக்கும் காட்டினா போதும்ல? அதுக்கப்புறம் உள்ளதைக் கொடுக்க வேண்டாம்."

"முடியாதும்மா. வரிசை அறுந்தா வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்க. டார்ச் பையில எப்படி வந்துச்சுன்னும் சொல்லியாகணும். அதை வச்சுத்தானே கேஸே போட்டாங்க."

"எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க."

"அவனும் பார்ப்பான்."

"பார்ப்பான்."

"தனியா விட்டுட்டு வந்தவன் அவன்தானே சார். கூட இருந்திருந்தா மேலே ஏறி ஆளைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பான். அவனுக்கும் அது தோணும். சாகுற வரைக்கும் தோணும்." அவள் நிதானத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள். "வேற வழி ஏதாவது சொல்லுங்களேன். நீங்கதான் எல்லாத்துக்கும் வழி கண்டுபிடிக்கிறவராச்சே."

 நிதானம் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இழுத்து விடுவதை வேலை மெனக்கெட்டுப் பார்த்தார்.

"காட்டலைன்னா உள்ளேயே இருப்பான்மா."

அவள் தலையை ஆட்டினாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியது மைக். முன் சீட்டில் வந்து உட்கார்ந்தவன் ரேடியோவை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டான்.

"அவனை இன்னிக்குப் பார்க்க முடியுமா சார்?" என்றாள் பின்னாலிருந்து.

---

சிறையின் பார்வையாளர் அறையில் நீளமான மேஜை, அதன் நடுவே ஆளுயரத்துக்குக் கம்பி வலை. இன்ஸ்பெக்டர் சொல்லி வைத்திருந்ததால் நேரம் முடிகிற தறுவாயிலும் உள்ளே விட்டார்கள். நிதானமும் மைக்கும் சுவரோரமாக நின்றார்கள்.

தம்பி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் நடை தடுமாறியது. வலைக்கு அந்தப்புறம் உட்காராமல், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வந்துட்டியா?" என்றான். "நீ வரவே மாட்டேன்னு நினைச்சேன்."

"உக்காருடா."

"நான் மாமாவை ஒண்ணும் பண்ணலக்கா."

"தெரியும். கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

அவன் உட்கார்ந்தான். நெற்றியை வலையில் முட்டிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அவள் வலையின் ஓட்டைகள் வழியே விரல்களை நுழைத்து, எட்டிய அளவுக்கு அவன் முடியைத் தடவினாள். காவலர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் கேட்டான்.

"மாமா... ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

நிதானம் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இல்லடா. விழுந்ததுமே போயிடுச்சு."

"கூப்பிட்டிருப்பாரோன்னு நினைச்சு நினைச்சுத் தூக்கமே வரல."

"இல்லவே இல்ல. இன்னிக்கு நல்லாத் தூங்கு."

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். மார்பிலிருந்து பாரத்தை இறக்கி வைத்தவன்போல் மூச்சு விட்டான். அப்போதுதான் சுவரோரம் நின்றவர்களைக் கவனித்தான்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

ஒவ்வொரு கேஸின் முடிவிலும் யாராவது கேட்கும் கேள்வி. நிதானம் கண்ணாடியைக் கழற்றி, ஆற அமர விளக்கிச் சொல்கிற கட்டம். மைக் வழக்கம்போல் குறுக்கே புகவில்லை. தலையைக் குனிந்து நின்றான். தையல்காரப் பெண் திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் விறைத்தது.

"அன்னிக்கு ராத்திரி யாரோ போட்டோ எடுத்திருக்காங்க" என்றார் நிதானம். "நீ வந்த பஸ்ஸோட வெளிச்சம் அதுல விழுந்திருக்கு."

"நான் வந்த பஸ்ஸா?"

"ஆமா. நீ அதுல இருந்ததாலதான் தப்பிச்சே."

தம்பியின் முகம் மலர்ந்தது. தாடிக்குள்ளிருந்து சின்னப் பையன் ஒருவன் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டியாக்கா? வேண்டாம், போகாதேன்னுதான் மாமா சொன்னார். நான்தான் கேக்காம ஓடிப்போய் ஏறினேன். நல்லவேளை, அந்த பஸ்ஸைப் பிடிச்சேன்!"

"ஆமாடா" என்றாள் அவள். "நல்லவேளை."